பேனலில் அழித்த சாவி ஏன் இன்னும் கதவைத் திறக்கிறது?

பண்டாரவளை வாசகரின் கேள்வி, 2024 டிசம்பர் 13

ஒரு டியூட்டரியின் சேர்வரை நான்தான் பார்க்கிறேன். எங்களோடு இருந்த ஒருவர் ஒக்டோபரில் வேலையை விட்டுப் போனார். அன்றைக்கே, சேர்வரைப் பிரவுசரில் நிர்வகிக்கும் கன்ட்ரோல் பேனலில் அவருடைய எஸ்எஸ்எச் சாவியை (தூரத்திலிருந்து சேர்வருக்குள் நுழைய வைக்கும் சாவி) அழித்தேன். பட்டியலில் இப்போது அவர் பேரே இல்லை. ஆனால் நேற்று அவரே போன் எடுத்து, "அண்ணே, பழக்கத்தில் தட்டிவிட்டேன், உள்ளே போய்விட்டது, பார்த்துக்கொள்ளுங்கள்" என்கிறார். நல்ல மனுஷன், சொன்னார். சொல்லாதவராக இருந்தால்? தப்பு என் பக்கமா, மென்பொருள் பக்கமா?

என் பதில், 2024 டிசம்பர் 13, இரவு

முதலில் பேனலை மூடுங்கள். அதில் தெரிவது அந்த மென்பொருள் தன் டேட்டாபேஸில் எழுதி வைத்திருக்கும் பட்டியல். கதவைத் திறப்பது அது இல்லை. எஸ்எஸ்எச் சேர்வர் பார்ப்பது பயனரின் ஹோம் போல்டருக்குள், புள்ளியில் தொடங்கும் மறைந்த எஸ்எஸ்எச் போல்டரில் இருக்கும் 'ஆத்தரைஸ்ட் கீஸ்' என்ற பைலை. ஒரு சாவிக்கு ஒரு வரி. வரி இருக்கிறவரை கதவு திறக்கும். பேனலில் பேர் இருக்கிறதா என்று அது யாரையும் கேட்பதில்லை.

தேடும்போது ஒரே இடத்தில் நின்றுவிடாதீர்கள். எல்லா உரிமையும் உள்ள ரூட் பயனரின் பைலையும் பாருங்கள். அப்புறம் அதே பேரின் கடைசியில் 2 போட்ட இன்னொரு பைல் இருக்கலாம். பெரும்பாலான சேர்வர்களில் இருக்கும் எஸ்எஸ்எச் மென்பொருளான ஓப்பன்எஸ்எஸ்எச், எதையும் மாற்றாமல் விட்டால் அதையும் படிக்கும், பலருக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. சேர்வரின் அமைப்புகளை எழுதி வைக்கும் கொன்பிக் பைலில் 'ஆத்தரைஸ்ட் கீஸ் கமாண்ட்' என்று ஒரு வரி இருந்தால், பைல் தவிர ஒரு புரோகிராமும் சாவிகளைக் கொடுக்கும்.

தப்பு மென்பொருள் பக்கம் என்றுதான் நினைக்கிறேன். 'அழி' என்ற பட்டனை வைத்தவன், அழித்துவிட்டுத்தான் அழிந்தது என்று சொல்ல வேண்டும். வரியை எடுத்த பிறகு அவரையே இன்னொரு முறை தட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். அந்த நிமிடமே அவர் வெளியே நிற்பார்.

2024 டிசம்பர் 14, காலை

இதை எழுதிவிட்டுப் படுத்தால் தூக்கம் வரவில்லை. விடிந்ததும் போய் எங்கள் சேர்வர் பெட்டியையும் பார்த்தேன்.

ஹட்டன் டவுனில் ஒரு கடைக்கு மேல்மாடியில் இருக்கிறது. பழைய டெஸ்க்டொப், உபுண்டு, ஒரு சின்ன யூபிஎஸ். சுவர் ஈரம் ஏறாமல் இருக்க அடியில் இரண்டு மரக்கட்டை வைத்திருக்கிறோம். உள்ளே இருப்பவை மூன்று தோட்டப் பாடசாலைகளின் பழைய வினாத்தாள்கள், புலமைப்பரிசில் வகுப்புப் பிள்ளைகளின் புள்ளிகள், ஒரு மரண உதவிச் சங்கத்தின் கணக்கு. அந்தச் சங்கக் கணக்கில் ஒரு வரி மாறினால், ஒரு வீட்டில் சாவு விழும் நாளில் சவப்பெட்டி எடுக்கக் காசு இருக்காது. அதனால்தான் இந்த விஷயம் எனக்குச் சின்னதாகத் தெரிவதில்லை.

நாங்களும் ஒரு பேனல் வைத்திருக்கிறோம். பேர் எழுதமாட்டேன். எங்களோடு வேலை செய்த தம்பி ஒருவன் கொழும்புக்குப் போனபோது, நவம்பர் கடைசியில் அவன் சாவியை அதில் அழித்தேன். இன்றைக்குப் பைலைத் திறந்து பார்த்தேன். நான்கு வரி, அவனுடையது இல்லை. எங்கள் பேனல் ஒழுங்காகத்தான் இருக்கிறது.

2024 டிசம்பர் 15

ஒரு திருத்தம். வரியை எடுத்தால் அந்த நிமிடமே வெளியே நிற்பார் என்று எழுதினேன். இதைப் படித்த மஸ்கெலியா நண்பர் ஒருவர் சரியாகப் பிடித்தார். ஏற்கெனவே உள்ளே இருப்பவரை அது வெளியேற்றாது. சாவியைப் பார்ப்பது நுழையும்போது மட்டும். காலையில் நுழைந்தவர், மத்தியானம் வரியை எடுத்தாலும் தன் இணைப்பை மூடும்வரை உள்ளேயே இருப்பார். அதே இணைப்பின் மேல் புது ஜன்னல்களையும் திறக்கலாம். வரியை எடுத்த பிறகு யார் யார் உள்ளே இருக்கிறார்கள் என்று பார்த்து, அந்த இணைப்பையும் வெட்ட வேண்டும். அவர் பேரில் நேரம் வைத்துத் தானாக ஓடும் கிரோன் வேலைகளையும் பாருங்கள்.

2024 டிசம்பர் 17

தலவாக்கலை அக்கா கேட்டது வேறு விஷயம், ஆனால் இதே குடும்பம். அவருக்கு இடம் கொடுத்த ஹோஸ்டிங் நிறுவனம் சாவியைத் தானே செய்து ஈமெயிலில் அனுப்பியிருக்கிறது. "வசதியாகத்தானே இருக்கிறது, இதில் என்ன?" என்கிறார்.

அக்கா, சாவி ஒன்றில்லை, சோடி. பொதுச் சாவி சேர்வரில் வைக்க, தனிச் சாவி உங்களிடம் வைக்க. நுழையும்போதுகூட தனிச் சாவி உங்கள் கணினியை விட்டு வெளியே போவதில்லை. அதைக்கொண்டு போட்ட ஒரு கையெழுத்து மட்டும்தான் போகிறது. எஸ்எஸ்எச் வந்ததே இதற்காகத்தான். 1995இல் ஹெல்சிங்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் நெட்வொர்க்கில் யாரோ ஒளிந்திருந்து பாஸ்வேர்ட்களைச் சேகரித்துவிட்டார்கள். அதற்குப் பிறகு அங்கிருந்த தாத்து இலொனென் எழுதியதுதான் முதல் எஸ்எஸ்எச். ரகசியம் கம்பி வழியே போகக் கூடாது என்று செய்த ஒன்றில், ரகசியத்தையே ஈமெயிலில் போட்டு அனுப்பினால் மிச்சம் என்ன இருக்கிறது? அவர்கள் சேர்வரில் ஒரு பிரதி, ஈமெயில் கம்பனியிடம் ஒரு பிரதி, உங்கள் போனில் ஒரு பிரதி. எது முதலில் கசியும் என்று யாருக்கும் தெரியாது.

பெரியவர்கள் துண்டு முறை பற்றிச் சொல்லியிருப்பார்கள். இந்தத் தொழிலாளியின் கடன் இவ்வளவு, அதைக் கட்டினால் விடுகிறோம் என்று தோட்டம் எழுதிக் கொடுக்கும் சீட்டு. கங்காணி கையில் அது இருந்தால்தான் ஆள் இன்னொரு தோட்டத்துக்குப் போகலாம். 1921இல் சட்டம் போட்டு நிறுத்தினார்கள். நம் பேர் எழுதிய சீட்டு நம் கையில் இல்லாமல் இருப்பது என்ன என்று நம் ஆட்களுக்குப் புத்தகம் பார்த்துச் சொல்ல வேண்டியதில்லை. தனிச் சாவியை அடுத்தவன் செய்து, அடுத்தவன் வைத்திருந்து, நமக்கு ஒரு பிரதி தருவதை நான் அப்படித்தான் பார்க்கிறேன்.

உங்கள் லெப்டொப்பிலேயே எஸ்எஸ்எச்-கீஜென் ஓடவிடுங்கள், வகை இடி25519. சாவியைப் பூட்டி வைக்க ஒரு பாஸ்பிரேஸ் (நீளமான கடவுச்சொல்) போடுங்கள். '.பப்' என்று முடியும் பைலை மட்டும் அவர்களுக்குக் கொடுங்கள். அதை வாங்க முடியாது, நாங்கள்தான் செய்து தருவோம் என்றால், அந்த இடத்தை விட்டு வந்துவிடுங்கள்.

2024 டிசம்பர் 22, ஞாயிறு

இந்த மாதம் வெளியான ஒரு குறையைப் பற்றி எழுத வேண்டும். ஒரு வாரமாகப் படித்துப் படித்து இப்போதுதான் தெளிவாகப் புரிந்தது. பாதுகாப்புக் குறைகளுக்குக் கொடுக்கும் சிவிஇ இலக்கம் சிவிஇ-2024-45337. கோ என்ற புரோகிராம் மொழியில் எஸ்எஸ்எச் சேர்வர் எழுதுகிறவர்கள் எடுத்துப் பயன்படுத்தும் குறியாக்கத் (கிரிப்டோ) தொகுப்பைச் சேர்ந்தது.

தோட்டத்தில் காலையில் வேலைக்குப் பேர் பதியும் பெரட்டுக்களத்தை நினைத்துக்கொள்ளுங்கள். கணக்கப்பிள்ளை செக்ரோல் என்ற பேர்ப் பட்டியலோடு நிற்கிறார். ஒரு பெண் வந்து, "மாரியாயி பேர் இருக்குங்களா?" என்று கேட்கிறார். இருக்கிறது என்கிறார். "ராமாயி பேர்?" அதுவும் இருக்கிறது. அப்புறம் அந்தப் பெண் தன் அடையாள அட்டையை நீட்டுகிறார். அட்டையில் இருப்பது மாரியாயி. அட்டை உண்மையான அட்டை, ஆள் உண்மையான ஆள். ஆனால் கணக்கப்பிள்ளை அட்டையில் இருக்கும் பேரைப் படித்து எழுதாமல், கடைசியாகக் காதில் விழுந்த பேரை எழுதிவிடுகிறார். ராமாயிக்குப் பேர் விழுகிறது. ராமாயி அன்றைக்கு மலைக்கே போகவில்லை.

எஸ்எஸ்எச்சில் நடப்பது இதேதான். நுழைய வருகிறவர் தன் பொதுச் சாவிகளை ஒவ்வொன்றாகக் காட்டி, இதை ஏற்பாயா, அதை ஏற்பாயா என்று கேட்கலாம். அது வெறும் விசாரிப்பு. அந்தச் சாவி தன்னுடையது என்பதற்கு அவர் இன்னும் ஆதாரம் காட்டவில்லை. ஒன்றைத் தெரிவு செய்து அதைக்கொண்டு கையெழுத்துப் போடும்போதுதான் ஆதாரம் வருகிறது. கோ தொகுப்பு ஒவ்வொரு விசாரிப்புக்கும் ஒரு பங்ஷனை, அதாவது சேர்வர் எழுதியவர் கொடுத்த சின்ன புரோகிராம் துண்டைக் கூப்பிடும். அதன் மேல் சேர்வர் எழுதிய சிலர், கடைசியாக எந்தச் சாவிக்குப் பங்ஷன் கூப்பிடப்பட்டதோ அதுதான் நுழைந்தவரின் சாவி என்று எடுத்துக்கொண்டார்கள். அதனால் என் சாவியை முதலில் விசாரித்து, உங்கள் பொதுச் சாவியை இரண்டாவதாக விசாரித்து, என் சாவியால் கையெழுத்துப் போட்டால், அந்த சேர்வர் என்னை நீங்கள் என்று நினைத்துக்கொள்ளும்.

தொகுப்பின் 0.31.0 பதிப்பில் ஒரு தடுப்பு வைத்திருக்கிறார்கள். கையெழுத்துப் போட்ட சாவிக்குத்தான் பங்ஷன் கடைசியாகக் கூப்பிடப்படும்படி செய்துவிட்டார்கள். ஆனால் சரியான வழி வேறு. அந்தப் பங்ஷன் திருப்பிக் கொடுக்கும் 'பெர்மிஷன்ஸ்' என்ற பொருளில் யார் என்பதைக் குறித்துவிட்டு, நுழைந்த பிறகு அதிலிருந்து மட்டும் படிக்க வேண்டும். வெளியே ஒரு வேரியபிளில் ஞாபகம் வைத்துக்கொள்ளக் கூடாது. நீங்கள் கோ மொழியில் ஏதாவது எழுதியிருந்தால் இன்றைக்கே திறந்து பாருங்கள். ஓப்பன்எஸ்எஸ்எச் மட்டும் வைத்திருப்பவர்களுக்கு இந்தக் குறை இல்லை. வீட்டில் புரோகிராம்களை வைக்கச் சின்ன கிட் சேர்வர் ஓட்டுகிறவர்கள் அது எந்த மொழியில் எழுதியது என்று பார்த்து அப்டேட் பண்ணுங்கள்.

என்னை யோசிக்க வைத்தது ஒன்று. கணக்கில் எந்தப் பிழையும் இல்லை, கையெழுத்துச் சோதனை சரியாக நடந்திருக்கிறது. பிழை இருந்தது பேரெழுதுகிற இடத்தில்.

2024 டிசம்பர் 23

பதுளையிலிருந்து ஒரு தம்பி: "என் பொதுச் சாவி அவனுக்கு எப்படிக் கிடைக்கும்?" அது ரகசியமே இல்லை தம்பி. புரோகிராம்களைப் பகிரும் கிட்ஹப் தளத்தின் முகவரியில் உன் பயனர் பேரை எழுதி, பின்னால் '.கீஸ்' என்று சேர்த்துப் பிரவுசரில் போட்டுப் பார். உன் சாவிகள் எல்லாம் வரும், யாருக்கும் வரும். 2015இல் பிலிப்போ வல்சோர்டா என்ற பாதுகாப்பு ஆய்வாளர் ஒரு சேர்வர் வைத்தார். அதில் எஸ்எஸ்எச் போட்டால், உன் கணினி தானாக நீட்டும் பொதுச் சாவிகளைக் கிட்ஹப் பட்டியலோடு ஒப்பிட்டு, உன் பேரைச் சொல்லி வணக்கம் வைக்கும். எங்கே போனாலும் எல்லாச் சாவியையும் நீட்டுவதை நிறுத்த, உன் கொன்பிக்கில் 'ஐடென்டிட்டீஸ் ஒன்லி' என்பதற்கு யெஸ் போட்டு, இடத்துக்கு ஒரு சாவி என்று எழுதிவிடு.

2025 ஜனவரி 15

பொங்கல் முடிந்தது. நேற்று முழுக்க வீட்டில் ஆட்கள், இன்றைக்குத்தான் உட்கார முடிந்தது.

பழைய சாவியையே பத்துப் பதினைந்து வருடமாக வைத்திருக்கலாமா என்று ஒருவர் கேட்டிருந்தார். சாவி பிறந்த வருடத்தைப் பாருங்கள். 2006 செப்டெம்பரிலிருந்து 2008 மே வரை டெபியன் என்ற லினக்ஸ் வகையிலோ அதிலிருந்து வந்த உபுண்டுவிலோ செய்த சாவி என்றால் இந்த நிமிடமே எறியுங்கள். சாவி செய்ய உதவும் ஓப்பன்எஸ்எஸ்எல் தொகுப்பில் ஒரு சோதனைக் கருவி எச்சரிக்கை காட்டுகிறதே என்று டெபியனில் சில வரிகளை எடுத்துவிட்டார்கள். அதோடு சேர்த்து, கண்டபடி எண்களை உருவாக்கும் பகுதியின் உயிரே போய்விட்டது. மிஞ்சியது அந்த நேரத்துப் புரோசஸ் இலக்கம் மட்டும். அது அதிகம் போனால் 32,768. ஒரு வகைக் கணினியில், ஒரு அளவில், உலகத்தில் யார் சாவி செய்தாலும் அந்த முப்பத்திரண்டாயிரத்துச் சொச்சத்தில் ஒன்றுதான் வரும். 2008 மே 13இல் லூசியானோ பெல்லோ கண்டுபிடித்துச் சொன்னது வெளியானது. அதற்குள் அந்தச் சாவிகள் டெபியனே இல்லாத எத்தனையோ சேர்வர்களுக்குள்ளும் போய் உட்கார்ந்துவிட்டன. சேர்வரை மாற்றினாலும் சாவி மாறுவதில்லை.

2025 ஜனவரி 26

நுவரெலியாக்காரரின் மூன்று பெட்டிகளும் ஒரே கைரேகை (சாவியைச் சுருக்கி அடையாளம் காட்டும் எழுத்து வரிசை) காட்டுகின்றனவாம். ஒரு பெட்டியைச் செட் பண்ணி, அதன் டிஸ்க்கை அப்படியே மற்ற இரண்டுக்கும் கொப்பி எடுத்திருக்கிறார். சேர்வருக்கும் சொந்தச் சாவி உண்டு, அதுதான் ஹோஸ்ட் சாவி. கொப்பி எடுத்தால் அதுவும் சேர்ந்து போகும், அப்புறம் எது எதுவென்று யாருக்கும் தெரியாது. ஒன்று களவு போனால் மூன்றும் போன மாதிரி. ஒவ்வொன்றிலும் ஹோஸ்ட் சாவிகளை அழித்துவிட்டுப் புதிதாகச் செய்யுங்கள். அடுத்த முறை நுழையும்போது "அடையாளம் மாறிவிட்டது" என்று பெரிய எச்சரிக்கை வரும், பயப்படாதீர்கள். ஆனால் நீங்கள் மாற்றாமல் அந்த எச்சரிக்கை வந்தால் பயப்படுங்கள். 2023 மார்ச் 24இல் கிட்ஹப் தன் ஆர்எஸ்ஏ ஹோஸ்ட் சாவியை மாற்றியபோது எத்தனையோ பேருக்கு அது வந்தது. அதன் தனிச் சாவி யாரும் பார்க்கக்கூடிய ஒரு பொது ரெப்போவில் (புரோகிராம் வைக்கும் இடம்) கொஞ்ச நேரம் வெளியே கிடந்துவிட்டது.

2025 பெப்ரவரி 10

டிசம்பர் 14ஆம் தேதி எழுதியதைத் திரும்பப் படியுங்கள். "எங்கள் பேனல் ஒழுங்காகத்தான் இருக்கிறது" என்று எழுதியிருக்கிறேன்.

நேற்று ஞாயிறு முற்பகலில் நாடு முழுக்கக் கரண்ட் போனது எல்லாருக்கும் தெரியும். பாணந்துறை துணை மின்நிலையத்தில் குரங்கு பட்டது என்றார்கள். வழமையான வெட்டை எங்கள் யூபிஎஸ் தாங்கிவிடும். நேற்று தாங்கவில்லை. மாலையில் கரண்ட் வந்ததும் மழைக்கோட்டைப் போட்டுக்கொண்டு போய்ப் பெட்டியை ஏற்றினேன். எல்லாம் ஓடுகிறதா என்று பார்த்துவிட்டு, இந்த இழை கொடுத்த பழக்கத்தில் ஆத்தரைஸ்ட் கீஸ் பைலையும் திறந்தேன்.

ஐந்து வரி.

இடி25519 சாவிகள் எல்லாம் நான்கு 'ஏ', ஒரு 'சி', ஒரு '3' என்றுதான் ஆரம்பிக்கும். முன்பக்கம் பார்த்தால் எல்லாம் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். அறுபத்தெட்டு எழுத்து தாண்டி, கடைசியில் இருக்கும் குறிப்பைப் பார்த்தால்தான் யாருடையது என்று தெரியும். ஐந்தாவது வரியின் கடைசியில் இருந்தது கொழும்புக்குப் போன தம்பியின் லெப்டொப் பேர்.

யோசிக்காமல் போன் எடுத்தேன். "தம்பி, நீ திரும்ப உள்ளே வந்தியா?" என்று கேட்டேன். கேட்ட குரல் எனக்கே இன்னும் காதில் இருக்கிறது. அவன் வெள்ளவத்தையில் ஒரு போர்டிங்கில் இருக்கிறான். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. அப்புறம், "அண்ணே, காலையில இருந்து இங்கேயும் கரண்ட் இல்ல. நான் எதால வாறது?" என்றான். நான் ஏதோ சொல்லி வைத்துவிட்டேன்.

2025 பெப்ரவரி 11

அவன் இல்லை.

பைல் மாறிய நேரம் மாலை 5.52. நான் பெட்டியை ஏற்றியது 5.51. அந்த ஒரு நிமிடத்தில் உள்ளே யாரும் நுழையவில்லை. அதைப் பார்த்த பிறகுதான் என் மூளை வேலை செய்தது.

பேனலோடு ஒரு சின்ன துணைச் சேவையும் வருகிறது. பெட்டி ஏறும்போது அது எழும்பி, தன்னிடம் இருக்கும் ஒரு ஜேசன் பைலை (தகவலை எழுதி வைக்கும் ஒரு பைல் வகை) படித்து, ஆத்தரைஸ்ட் கீஸ் பைலை முழுசாகப் புதிதாக எழுதுகிறது. அந்த ஜேசன் பைலில் ஐந்து சாவி. கடைசியாக மாறிய தேதி நவம்பர் நடுப்பகுதி. நான் நவம்பர் கடைசியில் 'அழி' அழுத்தியபோது டேட்டாபேஸில் அழித்திருக்கிறது, ஆத்தரைஸ்ட் கீஸ் பைலிலும் அழித்திருக்கிறது. இந்த மூன்றாவது பிரதியை மட்டும் தொடவில்லை. அன்றைக்குப் பிறகு பெட்டி ஒருமுறைகூட அணையாததால் டிசம்பரில் எல்லாம் சரியாகத் தெரிந்தது. பேனலின் திரையில் இந்த நிமிடமும் நான்கு பேர்தான் இருக்கிறார்கள்.

மென்பொருளில் பிழை வரும், நானும் எழுதுகிறவன். எனக்கு ஆறாதது வேறு. தோட்டத்துப் பிள்ளை ஒருவன் கடைக்கோ வீட்டுக்கோ வேலைக்குப் போனால், ஒன்று காணாமல் போகும்போது முதலில் யாரைப் பார்ப்பார்கள் என்று எனக்குத் தெரியும். என் சொந்தத் தம்பியை ஒரு வீட்டில் அப்படிப் பார்த்திருக்கிறார்கள். நான் நேற்றுமுன்தினம் அதையே செய்தேன். கேட்கத் தேவையே இல்லாத ஒரு கேள்வியை, ஒரு பைல் சொன்னதை நம்பி, அவனிடம் கேட்டேன். பட்டியலை எழுதுகிறவர்கள், அது மனிதனாக இருந்தாலும் புரோகிராமாக இருந்தாலும், அதில் ஒரு பேர் தப்பாக இருந்தால் அந்தப் பேருக்குரியவன் என்ன ஆவான் என்று நினைக்க வேண்டும்.

இன்றைக்குத் திரும்பப் போன் எடுத்து மன்னிப்புக் கேட்டேன். "பரவாயில்ல அண்ணே, அந்த ஜேசன் பைல அனுப்புங்க, பார்ப்பம்" என்றான்.

2025 பெப்ரவரி 16

அவன் வந்தானா இல்லையா என்று, நுழைவுகள் பதியும் லொக்கைப் பார்த்தே சொல்லியிருக்கலாமே என்று மூன்று பேர் எழுதியிருக்கிறீர்கள். உண்மை. சாவியால் ஒருவர் நுழையும்போது ஓத் லொக்கில் பயனர் பேர், ஐபி, சாவியின் கைரேகை மூன்றும் விழும். கைரேகை 'ஷா256' என்று ஆரம்பிக்கும். ஐந்தாவது வரியின் கைரேகையை எடுத்துத் தேடினேன். ஒன்றுமே இல்லை.

ஆனால் அதை முழு ஆதாரம் என்று சொல்ல முடியாது. உபுண்டுவில் அந்த லொக்கை வாரத்துக்கு ஒருமுறை மடித்து, பழையதில் நான்கை மட்டும் வைத்துக்கொள்ளும். அதற்கு முந்தையது போய்விடும். டிசம்பரில் என்ன நடந்தது என்பதை என் பெட்டி மறந்துவிட்டது. ஒரு வருடத்துக்கு வைக்கும்படி மாற்றிவிட்டேன், இடம் பெரிதாகப் பிடிக்கவில்லை. பண்டாரவளை நண்பரே, நீங்களும் மாற்றுங்கள்.

2025 மார்ச் 2

கடைசியில் செய்தது இது. தம்பியும் கொழும்பிலிருந்து திரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

சாவிப் பட்டியலை ஹோம் போல்டரிலிருந்தே எடுத்துவிட்டோம். ஈடிசி எஸ்எஸ்எச் போல்டருக்குள் பயனருக்கு ஒரு பைல், உரிமை ரூட்டுக்கு மட்டும். கொன்பிக்கில் 'ஆத்தரைஸ்ட் கீஸ் பைல்' வரியை அங்கே திருப்பினோம். பேனல் பழைய இடத்தில் என்ன எழுதினாலும் இனி யாரும் படிக்கமாட்டார்கள். அந்தத் துணைச் சேவையையும் நிறுத்திவிட்டோம். அதை ரூட் உரிமையோடு ஓடவிட்டால் புது இடத்தையும் ஒருநாள் எழுதும்.

தற்காலிகமாக வருகிறவர்களின் வரிக்கு முன்னால் முடிவுத் தேதி போடுகிறோம். ஓப்பன்எஸ்எஸ்எச் 7.7இலிருந்து அந்த வசதி இருக்கிறது. தேதி தாண்டினால் வரி இருந்தாலும் கதவு திறக்காது. வரியின் கடைசியில் வெறும் லெப்டொப் பேர் இல்லாமல், ஆளின் பேரும் சேர்த்த மாதமும் எழுதுகிறோம். அந்தக் குறிப்பை யாரும் எப்படியும் எழுதலாம், அதனால் புதுச் சாவி சேர்க்கும்போது ஆளையே போனில் எடுத்து, கைரேகையை வாயால் வாசிக்கச் சொல்லிக் கேட்கிறோம். நாற்பத்து மூன்று எழுத்து. சின்ன எழுத்தா பெரிய எழுத்தா என்று ஒவ்வொன்றாகக் கேட்க ஐந்து நிமிடம் ஆகும்.

பதுளைத் தம்பி நேற்று இதையே செய்யப் போய்த் தன்னையே பூட்டிக்கொண்டு, பஸ் ஏறிப் போய்க் கீபோர்ட் கொழுவித் திறந்திருக்கிறான். கொன்பிக்கைத் தொடும் முன் இன்னொரு ஜன்னலில் உள்ளே நுழைந்து அதை மூடாமல் வையுங்கள். எஸ்எஸ்எச் சேர்வர் புரோகிராமான எஸ்எஸ்எச்டிக்கு 'மைனஸ் டி' (-t, டெஸ்ட்டின் டி) போட்டுப் பைலைச் சோதியுங்கள். சேவையை ரீஸ்டார்ட் பண்ணி, மூன்றாவது ஜன்னலில் நுழைய முடிந்தால்தான் முதலாவதை மூடுங்கள்.

2025 மார்ச் 9

பண்டாரவளை நண்பர் தனியாக எழுதினார். அவருடைய கதையில் குற்றவாளி அந்தக் கடைசியில் 2 போட்ட பைல். அவருக்கு முன்னால் இருந்த ஒருவர் எந்தக் காலத்திலோ எழுதி வைத்தது, பேனலுக்கு அப்படி ஒரு பைல் இருப்பதே தெரியாது. அதனால் டிசம்பரில் நான் மென்பொருள் மேல் போட்ட பழியில் பாதியைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். மறு பாதி இருக்கட்டும். சாவியை அழிக்கிறேன் என்கிற மென்பொருள், எஸ்எஸ்எச் படிக்கும் எல்லா இடத்தையும் தேடிப் பார்த்திருக்க வேண்டும்.

எங்கள் பேனலை எழுதியவர்களுக்குப் பெப்ரவரியிலேயே ஜேசன் பைல் விஷயத்தை எழுதினேன். இன்னும் பதில் இல்லை.

இன்று காலை பெட்டியை வேண்டுமென்றே மூன்று முறை அணைத்து ஏற்றினேன். மூன்று முறையும் நான்கு வரி. அப்புறம் தம்பிக்குப் போன் எடுத்து, பழைய சாவியைப் போட்டுத் தட்டிப் பார்க்கச் சொன்னேன். கீபோர்ட் சத்தம் கேட்டது.

"பெர்மிஷன் டினைட் அண்ணே."

இன்னொரு தரம் தட்டு என்றேன். தட்டினான். அதேதான் வந்தது.